லோகா ஏரியில் சொல்லக்கூடாத சொல்

யாங்கோனின் வடக்கு எல்லையில் மிங்கலாடோனைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது.

வாடகைக் காரை ஓட்டிவந்த உதுமான் வேகத்தைக் குறைத்தான். கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரில் ஒன்றுதான் வேலை செய்தது. அது அவன் பக்கம் இருந்தது. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த கணேஷ்குமாருக்கும் உமையாளுக்கும் வெளியே எதுவும் தெரியவில்லை.

"கவலைப்படாதீங்க கோ கணேஷ். எனக்கு ரோடு தெரியுது, அது போதும். நீங்க லீவுல வந்தவங்க, உங்களுக்கு எதுக்கு ரோடு?"

அண்ணன் என்பதற்கு பர்மியரைப் போல 'கோ' என்றுதான் உதுமான் கூப்பிடுவான். கணேஷ்குமார் சிரித்தான். உமையாள் சிரிக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. சில மாதங்களாக அவளுக்கு எதுவும் உள்ளே போய்ச் சேர்வதில்லை, அவ்வளவுதான்.

காரைக்குடியிலிருந்து கல்யாணமாகி யாங்கோனுக்கு வந்தவள் அவள். பசுந்தாங் பேட்டையில் இரண்டாவது மாடியில் அவர்கள் வீடு. அங்கே அவள் சமைப்பாள். கணேஷ்குமார் கேரியர்களில் அடுக்கிக் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் மதியச் சாப்பாடு கொண்டுபோவான். யாங்கோனில் பிறந்தவன், அம்மா பர்மியர். ஊர் முழுக்க அவனுக்குப் பழக்கம். வெளியே பேசுவது அவன், உள்ளே சமைப்பது அவள். அதனால் உமையாளுக்கு மார்க்கெட்டில் விலை கேட்கிற அளவுக்கு மேல் பர்மிய பாஷை வரவே இல்லை. தேவையும் படவில்லை.

கோடையில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது அவளுடைய மூக்கையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பால் தீய்ந்தால் தெரியவில்லை. புளித்த மாவும் புதிய மாவும் ஒன்றாக இருந்தன. வாயில் எதைப் போட்டாலும் நனைந்த காகிதத்தை மெல்வது போலத்தான். கணேஷ்குமாரைப் பக்கத்தில் நிறுத்தி உப்புப் பார்க்கச் சொல்லிச் சமைத்தாள். ஒரு நிச்சயதார்த்த விருந்தில் கெட்டுப்போன தேங்காயைக் கூட்டில் அரைத்து ஊற்றிவிட்டாள். சாப்பிட்ட குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். அதற்குப் பிறகு கேரியர்கள் ஒவ்வொன்றாக நின்றன.

தீபாவளிக்குள் நாக்கு திரும்பாவிட்டால் அடுப்பை மூடிவிடுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். மூடினால் கணேஷ்குமார் தாய்லாந்துக்கு வேலைக்குப் போவான். அவள் தனியாகக் காரைக்குடிக்குத் திரும்புவாள். அதைப் பேசியபோது இருவருமே அழவில்லை. கரண்ட் போகிற நேரத்தைப் பற்றிப் பேசுவது போலப் பேசி முடித்தார்கள்.

"நாக்கு செத்துடலை, மறந்திருக்கு. கூர்மையான ருசியா காட்டிக்கிட்டே இருங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எலுமிச்சை, கிராம்பு, கற்பூரம் எல்லாம் காட்டியாயிற்று. கடைசியில் சாப்பாட்டு வாடிக்கையாளர் ஒருவர் இந்த இடத்தைச் சொன்னார். லோகா ஏரிக்கரையில் ஒரு பழைய மர பங்களா. தங்குகிறவர்களுக்கு ஷான் மலையில் விளையும் திராட்சை ஒயின், பிளம் ஒயின் எல்லாம் சின்னச் சின்னக் கோப்பைகளில் ஊற்றி, எதில் என்ன ருசி ஒளிந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுப்பார்களாம்.

"நாக்குக்கு ட்யூஷன்னு வெச்சுக்கோயேன்" என்றான் கணேஷ்குமார்.

"சரிங்க" என்றாள் உமையாள்.

*

பங்களா தேக்கு மரத்தால் கட்டியது. மழையில் நனைந்து கறுத்திருந்தது. பின்பக்கம் ஏரியைப் பார்த்த அகலமான வராந்தா. வராந்தாவிலிருந்து கல்படிகள் இறங்கித் தண்ணீருக்குள் போயின. எத்தனை படி தண்ணீருக்குள் இருந்தன என்று தெரியவில்லை.

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் பெயர் டோ கின் டே. கன்னங்களில் தனக்கா மரச்சாந்து பூசி, நரைத்த தலையை இறுக்கி முடிந்திருந்தாள். வேறு விருந்தாளிகள் யாரும் இல்லை. மூன்றரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்ததால் மேஜை மேல் ஒரு பேட்டரி விளக்கை வைத்தாள். நான்கு நாற்காலிகள். இருவர் உட்கார்ந்தார்கள். நடுவில் துப்புவதற்கு ஒரு தகர வாளி. ஒரு தட்டில் பொரித்த தோஃபு.

உதுமான் வராந்தா ஓரத்தில் டீயோடு உட்கார்ந்துகொண்டான்.

"நீயும் வாப்பா" என்றான் கணேஷ்குமார்.

"நான் குடிக்கிறதில்லையே. ஆனா துப்புறதுக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க, துப்பித் தர்றேன்."

டோ கின் டே சொல்லச் சொல்ல, கணேஷ்குமார் தமிழில் சொன்னான். கோப்பையைச் சுழற்று. மூக்கை உள்ளே விட்டு முகர். ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படரவிடு. அப்புறம் விழுங்கு, அல்லது துப்பு.

முதலில் வெள்ளை ஒயின். கணேஷ்குமார் கண்ணை மூடிக்கொண்டு, "பச்சை மாங்காய் மாதிரி இல்ல?" என்றான்.

உமையாளுக்குத் தண்ணீர்.

இரண்டாவது பிளம் ஒயின். "இது நம்ம புளிக்கரைசல்ல வெல்லம் போட்டது. இது தெரியலையா? கொஞ்சம்கூடவா?"

தண்ணீர்.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வைக்காகவாவது ஏதாவது தெரிகிறது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். அதற்கும் அலுப்பாக இருந்தது.

அப்போதுதான் நாய் வந்தது.

பங்களா நாய். செம்பட்டை நிறம். சத்தமில்லாமல் மேஜையருகே வந்து தோஃபு தட்டில் மூக்கை வைத்தது. உமையாள் கையை ஓங்கினாள்.

"ச்சீ! போ!"

நாய் நகரவில்லை. அவள் எழுந்து, ஏரிப் பக்கம் கையைக் காட்டிக் குரலை உயர்த்தினாள்.

"போ! போ! போங்கிறேன்ல!"

டோ கின் டே கையிலிருந்த பாட்டில் கோப்பையின் விளிம்பில் 'டிங்' என்று இடித்தது.

நாய் உமையாளைப் பார்க்கவில்லை. படிகளைப் பார்த்தது. அதன் முதுகில் ரோமம் வரிசையாக எழுந்து நின்றது. பிறகு வயிறு தரையில் தேய, பின்னாலேயே நகர்ந்து பங்களாவுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை.

டோ கின் டே கணேஷ்குமாரிடம் தாழ்ந்த குரலில் வேகமாக ஏதோ சொன்னாள். ஓரத்தில் உதுமான் டீக்கோப்பையைக் கீழே வைத்தான்.

"என்னவாம்?" என்றாள் உமையாள்.

"ஒண்ணுமில்ல. நாயை அப்படிக் கத்தாதேங்கிறாங்க." கணேஷ்குமார் சிரிக்க முயன்றான்.

உமையாள் ஏரியைப் பார்த்தாள். தண்ணீர் முழுக்க மழை புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது.

படிகளுக்கு நேர் எதிரே, ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும், புள்ளி விழவில்லை.

*

மூன்றாவது கோப்பையில் சிவப்பு ஒயின். டோ கின் டே படிகளைப் பார்க்காமல் ஊற்றினாள். ஊற்றிவிட்டு யாரும் கேட்காமலேயே இன்னொரு கோப்பையை எடுத்தாள். அதிலும் ஊற்றினாள். உமையாளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

உமையாள் பழக்கத்தில் கோப்பையைச் சுழற்றினாள். பழக்கத்தில் முகர்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள்.

முதலில் வந்தது சேறு.

ஊறிப்போன இலை, பாசி, பழைய கயிறு. நாக்கின் அடியிலிருந்து அது குளிர்ச்சியாக ஏறியது. அவளுக்குக் குமட்டியது. அந்தக் குமட்டலே எத்தனை மாதத்துக்குப் பிறகு! துப்பப் போனவள் துப்பாமல் நின்றாள்.

சேற்றுக்குப் பின்னால் திராட்சை வந்தது. திராட்சைக்குப் பின்னால் அதன் தோலின் துவர்ப்பு. துவர்ப்புக்குள் மிளகு, கருகிய மரக்கட்டை, லேசாக ஏலக்காய். ஒவ்வொன்றும் தனித்தனியாக, யாரோ விரல் வைத்துக் காட்டுவது போல வந்தது.

அவள் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"உமா? என்னம்மா?"

"மிளகு" என்றாள். "மிளகு தெரியுதுங்க."

கணேஷ்குமார் நாற்காலி சாய எழுந்தான். அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "உதுமான்! மிளகு தெரியுதாம்டா!" என்று கத்தினான். உதுமான் திரும்பிப் பார்த்தான். ஆனால் அவன் பார்த்தது உமையாளை அல்ல, அவளுக்குப் பக்கத்து நாற்காலியை.

உமையாள் இன்னொரு வாய் எடுத்து வாளியில் துப்பினாள்.

கணேஷ்குமார் துப்பியது சிவப்பாக வாளியின் ஓரத்தில் வழிந்திருந்தது.

அவள் துப்பியது வெறும் தண்ணீர். அதில் ஒரு பச்சைப் பாசி நூல் மிதந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. துண்டால் வாளியை மூடி வைத்தாள்.

*

சமையல்காரி என்பதால் அவளுக்கு எதையும் சோதித்துப் பார்க்கத் தெரியும்.

அறைக்குள் போய் ஓர் ஏலக்காயை மென்றாள். ஒன்றும் இல்லை. நனைந்த காகிதம். அதே ஏலக்காயை வாயில் வைத்தபடி வராந்தாவுக்கு வந்தாள். மேஜையை நெருங்க நெருங்க ஏலக்காய் உயிர்பெற்றது. காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபோது அது வாய் முழுக்க மணத்தது.

நாற்காலியின் இருக்கையைத் தொட்டாள். மழைச்சாரல் அங்கே விழாது. ஆனால் பலகை தண்ணீராக இருந்தது. நாற்காலிக் கால்களைச் சுற்றிச் சிறு குட்டை தேங்கியிருந்தது. குட்டையிலிருந்து ஈரத்தடம் ஒன்று படிகள் வரை போயிற்று.

இல்லை. படிகளிலிருந்து வந்தது.

அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்த கோப்பை பாதியாகியிருந்தது.

பயமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. உள்ளே எங்கோ ஒரு கதவு தட்டப்படுகிறது, ஆனால் எழுந்து போய்த் திறக்க ஆள் இல்லை என்பது போல இருந்தது.

அவள் அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். மிச்சமிருந்த பிளம் ஒயினைக் குடித்தாள். புளி. வெல்லம். கணேஷ்குமார் சொன்னது சரிதான். கூடவே இன்னொன்று, அவன் சொல்லாதது: வாழைத்தண்டு.

காதருகே குளிர்ந்த மூச்சு பட்டது.

"கவுன் லா?"

மார்க்கெட்டில் தினமும் கேட்கிற சொல். நல்லா இருக்கா? கடைக்காரப் பெண்கள் ஒரு துண்டுப் பழத்தை நீட்டி அப்படித்தான் கேட்பார்கள்.

"கவுன் தே" என்றாள் உமையாள். நல்லா இருக்கு.

எதிரே ஈரமான பலகை மெல்ல முனகியது. யாரோ வசதியாகச் சாய்ந்து உட்காருவது போல.

*

காலையில் மழை விட்டிருந்தது. கணேஷ்குமார் குளித்துக்கொண்டிருந்தான். உதுமான் பைகளைக் காரில் ஏற்றிவிட்டு, வராந்தாவுக்கு வராமல் வாசலிலேயே நின்று கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு நிமிஷம் இங்கன வாங்க."

போனாள்.

"நேத்து நாயை என்ன சொல்லி விரட்டினீங்க?"

"போன்னேன்."

"அதான். நம்ம தமிழ்ல போன்னா போறது. இவங்க பாஷையில அந்தச் சத்தத்துக்கு வேற அர்த்தம். முங்கிக் கிடக்கிறது மேல வந்து தெரியுறது. தண்ணிக்குள்ளேருந்து எழுந்து வர்றது. நீங்க ஏரியைக் கைகாட்டி, மேல வா, மேல வான்னு கத்தியிருக்கீங்க."

உமையாள் ஏரிப் பக்கம் திரும்பினாள்.

"இந்த பங்களாவுல மா நிலார்னு ஒரு பொண்ணு இருந்துச்சாம். விருந்தாளிங்களுக்கு ஒயின் ஊத்தி ருசி சொல்றது அவதான். ஒரு வாய் வெச்சா எந்த மலைச்சரிவுல விளைஞ்சதுன்னு சொல்லிடுவாளாம். போன வருஷம் மழையில படகு கவிழ்ந்து போயிட்டா. ஆளுங்க முங்கித் தேடியும் உடம்பு கிடைக்கலை. மேல வரவே இல்லை. அதனால இந்தக் கரையில யாரும் அந்தச் சொல்லைச் சொல்றதில்லையாம். வெயில் வந்தாக்கூட வேற வார்த்தையிலதான் சொல்வாங்களாம்."

"அவருக்குத் தெரியுமா?"

"கோ கணேஷுக்கா? நேத்தே அந்தம்மா சொல்லிட்டாங்க. அவர் நம்பலை. ராத்திரி உங்க கட்டில்கிட்ட ஈரத்தைப் பார்த்துட்டு, காலையில அவரே வந்து கேட்டாரு. நீங்க பயந்துடுவீங்கன்னு என்னைச் சொல்லச் சொன்னாரு." உதுமான் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டான். "கூப்பிட்டவங்கதான் அனுப்பணுமாம். வேற யார் சொன்னாலும் போகாதாம். படியில நின்னு 'த்வா'ன்னு சொல்லுங்க. இவங்க பாஷையில அதான் போறது. சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காம வந்து கார்ல ஏறிடுங்க. த்வா. சொல்லிப் பாருங்க."

"த்வா" என்றாள் உமையாள்.

"அவ்வளவுதான். சின்ன வார்த்தைதான்க்கா."

*

அவள் படிகளில் இறங்கினாள். தண்ணீரைத் தொடும் படியில் நின்றாள்.

டோ கின் டே வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணேஷ்குமார் ஈரத்தலையோடு அந்த அம்மாளுக்குப் பின்னால் வந்து நின்றான். தூரத்தில் உதுமான் காரை ஸ்டார்ட் பண்ணினான்.

ஏரி அசைவில்லாமல் கிடந்தது.

அவள் வாயில் காலையில் சாப்பிட்ட மொஹிங்கா இன்னும் இருந்தது. மீன், எலுமிச்சைப்புல், வறுத்த பருப்பு, அடியில் கொஞ்சமாக வாழைத்தண்டு. எல்லாம் தெரிந்தது. மழைக்காற்றில் இரும்பு மணத்தது. படியின் பாசி மணத்தது. தன் சேலையில் சோப்பு மணத்தது. கணேஷ்குமாரின் ஈரத்தலை வாசனைகூட அங்கிருந்து வந்தது. அந்த வாசனையை அவள் மறந்தே போயிருந்தாள்.

குனிந்து பார்த்தாள்.

தண்ணீருக்கு அடியில், அவள் நிழல் விழுந்த இடத்தில், ஒரு முகம்.

வயது இருபத்தைந்து இருக்கலாம். கண்கள் மூடியிருந்தன. கூந்தல் படிக்கற்களைச் சுற்றி அலைந்தது. முகத்தில் கோபம் இல்லை, வலி இல்லை.

வாய் மட்டும் திறந்திருந்தது. ஒரு வாய் ஊற்றக் காத்திருப்பது போல.

த்வா என்ற சொல் உமையாளின் நாக்கு நுனியில் இருந்தது. அது வெளியே போனால் கூடவே எது போகும் என்று அவளுக்குத் தெரியும். மிளகு போகும். மீன் போகும். அடுப்பு அணையும். இந்த மனிதன் தாய்லாந்துக்கு பஸ் ஏறுவான்.

பின்னால் நிற்பவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள்.

உதடு லேசாகப் பிரிய, மிக மெல்லச் சொன்னாள்.

தண்ணீருக்குள் கண்கள் திறந்தன.

*

கார் பங்களா வாசலைத் தாண்டியதும் கணேஷ்குமார் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லிட்டியா?"

"ம். போன்னு சொல்லிட்டேன்."

"அப்பாடா" என்று அவன் சாய்ந்து உட்கார்ந்தான். அவளோடு தமிழில்தான் பேசுவான்; தமிழில்தான் கேட்டுக்கொண்டான்.

உதுமானின் கண்கள் முன் கண்ணாடியில் உமையாளைத் தேடி வந்து நின்றன. அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்தான். பிறகு, முன்னால் தனக்குப் பக்கத்தில் ஆளில்லாத சீட்டைப் பார்த்தான். அதன் துணி மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது, தண்ணீர் உறிஞ்சுகிற துணி போல.

பசுந்தாங் வரும்வரை அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

*

கேரியர்கள் திரும்ப வந்தன. முன்பைவிட அதிகமாகவே வந்தன.

"உங்க வீட்டம்மா கையில புதுசா என்னவோ இருக்கு" என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். ரசத்தில் எந்தத் தோட்டத்துத் தக்காளி என்றுகூட உமையாள் சொன்னாள். எண்ணெயை முகர்ந்து பார்த்து, எந்த வாரம் ஆட்டியது என்றாள். கணேஷ்குமார் தாய்லாந்துப் பேச்சை எடுக்கவே இல்லை. தீபாவளிக்கு அதிரசமும் மனகோலமும் கேட்டு வந்த ஆர்டர்களுக்கு இரண்டாவது அடுப்பு வாங்க வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு முந்தைய நாள் மதியம். அவன் காலி கேரியர்களோடு மாடி ஏறி வந்தான். சமையலறையில் உமையாள் முதுகைக் காட்டியபடி நின்றாள். கடாயில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொரு அடுப்பில் குழம்பு.

அவள் இடது கை கடாயின் விளிம்பில் ஊன்றியிருந்தது.

"உமா! கையை எடு!"

ஓடி வந்து இழுத்தான். உள்ளங்கைத் தோல் விளிம்போடு ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தது. அவள் அதைப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்காரியின் கையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"சுடலையா?"

"இல்லைங்க."

அவன் அவள் முழங்கையைத் தொட்டான். ஐஸ் மாதிரி இருந்தது. தோளைத் தொட்டான். கழுத்தைத் தொட்டான். அத்தனை வெக்கையில் நிற்கிற உடம்பில் எங்கேயும் சூடு இல்லை.

"நான் தொடுறது தெரியுதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"கை மரத்துப்போச்சு. கால் அதுக்கு முன்னாடியே. இப்ப மேல ஏறுது. ஆனா நாக்கு நல்லா இருக்குங்க" என்றாள். "இருங்க, குழம்பு அடிப்பிடிச்சிடும்."

கிழிந்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு திரும்பினாள். கரண்டியால் குழம்பை எடுத்து ஊதாமலே வாயில் ஊற்றினாள். கண்ணை மூடி, நாக்கு முழுக்கப் படரவிட்டாள்.

கணேஷ்குமார் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். சமையலறையில் வேறு யாரும் இல்லை.

அவள் ஒரு முறை விழுங்கினாள்.

விழுங்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது.